உடைந்த வெப்பமானி போன வழி

காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடி வெப்பமானிக்குள் ஏறக்குறைய ஒரு கிராம் பாதரசம் இருக்கும். உடைந்த பிறகு அது எங்கே போகிறது என்பதை, வவுனிக்குளத்து மீனில் வளர்ந்த மல்லாவிக்காரர் நாங்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

1983இல் நியூயோர்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்த வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று கொடைக்கானல் மலைக்குக் குடிபெயர்ந்தது. பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பாதரசம் கப்பலில் வந்தது, குழாய்க்குள் அடைபட்டுக் கப்பலிலேயே திரும்பிப் போனது. உடைசல் மட்டும் மலையில் தங்கியது. 2001 மார்ச்சில் அங்குள்ள மூஞ்சிக்கல் பகுதிப் பழைய சாமான் கடையொன்றில் பாதரசம் ஒட்டிய கண்ணாடி 7.4 தொன் பிடிபட, தொழிற்சாலை மூடப்பட்டது. 2003இல் 290 தொன் கழிவு அமெரிக்காவுக்கே அனுப்பப்பட்டது.

போனது சாக்கில் இருந்ததுதான். பாதரசம் சாதாரண வெயிலிலேயே ஆவியாகி, காற்றில் அலைந்து, மழையோடு இறங்கும். ஐதராபாத் விஞ்ஞானிகளின் 2006ஆம் ஆண்டு ஆய்வு அதைக் கொடைக்கானல் ஏரியின் நீரிலும் சேற்றிலும் மீனிலும் கண்டது.

சேற்றில்தான் அது உண்மையான நஞ்சாகிறது. ஒட்சிசன் இல்லாத அடிமண்டியில் வாழும் பக்ரீரியாக்கள் அதை மெதைல் பாதரசமாக மாற்றுகின்றன. பாசி அதை உறிஞ்சும். பாசியைப் பூச்சி தின்னும், பூச்சியைக் குஞ்சு மீன் தின்னும், குஞ்சு மீனை விரால் விழுங்கும். வாய்க்கு வாய் செறிவு ஏறும். சதையோடு பிணைந்துவிடுவதால் கழுவினாலும் பொரித்தாலும் போகாது.

மீன் வேண்டாமென்றால் எங்களுக்குப் பருப்பு இருக்கிறது. நீர்க்காகத்துக்கும் நீர்நாய்க்கும் என்ன இருக்கிறது? பறவை உடம்பில் ஏறியதில் ஒரு பங்கை இறகுக்குள் தள்ளி உதிர்த்துவிடும். இன்னொரு பங்கு முட்டைக்குள் போய்க் குஞ்சின் மூளையைப் பிடிக்கும். வட அமெரிக்க ஏரிகளில் பாதரசம் ஏறிய இடங்களில் லூன் என்ற மீன்தின்னிப் பறவை குறைவான குஞ்சுகளையே வளர்த்தெடுக்கிறது. ஜப்பானின் மினமாட்டாவில் 1950களில் மனிதரின் பாதரச நோய் அடையாளம் காணப்படுமுன்பே பூனைகள் வலிப்பு வந்து துடித்துச் செத்தன. அந்த ஊரின் பெயரைத் தாங்கிய பாதரச உடன்படிக்கையில் இலங்கை 2017இல் சேர்ந்தது.

ஒப்பந்தம் கொழும்பில் இருக்கட்டும். வீட்டில் வெப்பமானி உடைந்தால் விளக்குமாறு வேண்டாம், உருண்டைகள் சிதறும். யன்னலைத் திறந்து, தடித்த மட்டையால் ஒதுக்கி, மூடியுள்ள போத்தலில் அடையுங்கள். அடுத்து என்ன செய்வதென்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். எரிந்துபோன ரியூப் லைற்றையும் குளக்கட்டில் வீச வேண்டாம், அதற்குள்ளும் பாதரசம் இருக்கிறது.