ஏழைக்கென்று எழுதிய பள்ளி

தருமம் செய்பவனுடைய மனம் நல்லதாயிருந்தால் மட்டும் போதாது. அத்தருமம் போய்ச் சேரும் வழியும் அடைபடாமல் இருத்தல் வேண்டும். வயலுக்கென்று வெட்டிய வாய்க்காலை நடுவழியில் ஒருவன் தன் தோப்புக்குத் திருப்பிக்கொள்வானாகில், ஏரி நிறைந்திருந்தும் பயிர் வாடும். ஏழைப் பிள்ளைகளின் கல்விக்காக எழுதிவைத்த சொத்துகள் பலவற்றின் கதை இத்தகையதே. இதற்கு இங்கிலாந்து தேசத்துச் சரித்திரத்தினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அந்நாட்டில் "பப்ளிக் ஸ்கூல்" எனப்படுபவை பெயரளவில் பொதுப்பள்ளிகள். உண்மையில் பெருஞ்சம்பளம் வாங்கும் தனியார் பள்ளிகள். மந்திரிகளும் பிரபுக்களும் படித்துவந்த இடங்கள். ஆயினும் அவற்றுள் தொன்மையானவை எவருக்காகத் தோன்றின? வின்செஸ்டர் பள்ளியை 1382-ல் ஒரு பிஷப்பும், ஈட்டன் பள்ளியை 1440-ல் ஓர் அரசரும் நிறுவினர். இவ்விரண்டிலும் 70 மாணவர்க்கு உணவு, உறையுள், கல்வி யாவும் இலவசமென விதிகள் வகுக்கப்பட்டன. அம்மாணவர் ஏழைகளாகவும் தேவையுடையோராகவும் இருத்தல் வேண்டும் என்று அவ்விதிகளே கூறின. கூடவே, செல்வர் வீட்டுப் பிள்ளைகள் சிலரையும் சேர்த்துக்கொள்ளலாமென்று ஒரு சிறு வாசலையும் திறந்துவைத்தனர். அச்சிறு வாசலே நாளடைவில் தலைவாசலாயிற்று.

ஒரு குடியானவரின் தருமம்

இம்மாற்றம் எங்ஙனம் நிகழ்ந்தது என்பதை அறிய ஹாரோ பள்ளியின் வரலாறு ஒன்றே போதும். லண்டன் நகருக்கு வடமேற்கிலுள்ள ஹாரோ கிராமத்தில் ஜான் லயன் என்னும் குடியானவர் வாழ்ந்தார். பிரபுவல்லர், உழுது வாழ்ந்து நிலம் சேர்த்தவர். அவர் 1572-ல் எலிஸபெத் இராணியாரிடம் பட்டயம் பெற்று, தம் ஊர்ப் பிள்ளைகள் சம்பளமின்றிப் படிக்கத் தம் நிலங்களை எழுதிவைத்தார். 1592-ல் அவர் காலமானார். பள்ளிக்கூடக் கட்டிடம் 1615-ல் முடிவுற்றது.

நோக்கம் நன்று. ஆனால் விதிகளைப் படிப்போர்க்கு ஓர் ஐயம் தோன்றும். சம்பளம் இல்லை, மெய்தான். எனினும் காகிதம், மை, பேனா, புத்தகம், மாரிக்காலத்துக்கு மெழுகுவர்த்தி ஆகியவற்றைப் பெற்றோரே வாங்கித் தருதல் வேண்டும். அக்கால வழக்கப்படி பிள்ளைக்கு வில்லும் அம்பும் கூடத் தருதல் வேண்டும். படிப்போ பெரும்பாலும் லத்தீன் மொழி. முதல் வகுப்பைத் தாண்டிய மாணவன் விளையாட்டிலும் தாய்மொழியாகிய ஆங்கிலத்தைப் பேசலாகாது! கணக்கும் கடிதமும் கற்றுக்கொண்டு கடைக்கோ வயலுக்கோ திரும்பவேண்டிய பிள்ளைக்கு இப்படிப்பு என்ன பயன் தரும்? பயன் தெரியாத படிப்புக்காக, வீட்டுக்கு உதவும் இரண்டு கைகளை எந்த ஏழைத் தகப்பன் விட்டுக்கொடுப்பான்?

மற்றொரு விதியும் உண்டு. ஊருக்கு வெளியிலிருந்து வருவோரை ஆசிரியர் சம்பளம் பெற்றுச் சேர்த்துக்கொள்ளலாம். இவர்களை "அன்னியர்" என்றழைத்தனர். உள்ளூர்ப் பிள்ளையால் ஆசிரியருக்கு வருமானமில்லை, அன்னியனால் உண்டு. எப்பக்கம் தராசு சாயுமென்று நாம் சொல்லவும் வேண்டுமோ? 18-ம் நூற்றாண்டு கழிவதற்குள் ஹாரோ செல்வர் பள்ளியாயிற்று. ஊர் மக்கள் பொறுமையிழந்து நீதிமன்றம் சென்றனர். பள்ளி அன்னியர் வசமாயிற்று, எங்கள் பிள்ளைகள் அங்கு அருகிவிட்டனர் என்பது அவர்கள் முறையீடு. 1810-ல் தீர்ப்பு வந்தது. வெளியூரார் சேர்வதை நிறுவியவரே அனுமதித்திருக்கிறார் என்று நீதிபதி சர் வில்லியம் கிராண்ட் கூறினார். ஊரார் தோற்றனர். சட்டம் பிழைத்தது, தருமம் தோற்றது.

இலவச இடத்தின் இழிவு

எஞ்சிய இலவச இடங்களேனும் ஏழைக்குக் கிடைத்தனவா? பிள்ளைகளைச் செலவின்றிப் படிக்கவைக்க விரும்பிய வசதியுள்ள குடும்பங்கள் ஹாரோவுக்கே குடிவந்தன. உள்ளூர்வாசி என்னும் உரிமையும் இவ்விதம் அவர்கள் கைக்குப் போயிற்று. பின்னாளில் புகழ்பெற்ற நாவலாசிரியரான ஆன்டனி டிரோலப் அவ்வாறு சேர்ந்தவரே. அவர் தந்தையார் வழக்கறிஞர், நொடித்துப்போனவர். பிள்ளை சேறு நிறைந்த பாதையில் நடந்து பள்ளி சென்றான். அழுக்குடை கண்டு சகமாணவர் ஒதுக்கினர். அத்துன்பத்தை அவர் தமது சுயசரிதையில் எழுதினார். அந்நூல் 1883-ல் வெளிவந்தது. வழக்கறிஞர் மகனுக்கே இக்கதியானால், தச்சன் மகன் அங்கே தலைநிமிர்ந்து உட்கார இயலுமோ?

1868-ம் ஆண்டுச் சட்டம் ஹாரோ உள்ளிட்ட ஏழு பள்ளிகளின் நிர்வாகத்தைத் திருத்தியமைத்தது. 1876-ல் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கென லயன் பெயரால் வேறொரு பள்ளி ஏற்பட்டது. பெரும்பள்ளி பெரியோர்க்கே நிலைத்தது. வின்ஸ்டன் சர்ச்சில் 1888-லும் ஜவஹர்லால் நேரு 1905-லும் சேர்ந்தது அங்கேதான்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. லண்டன் செல்லும் பாதைகளைச் செப்பனிட லயன் தனியாகச் சில நிலங்களை விட்டிருந்தார். நகரம் வளர, அந்நிலங்களின் மதிப்பு மிக உயர்ந்தது. 1991 முதல் அவ்வருமானம் லண்டன் வடமேற்குப் பகுதியின் சிறுவர், இளைஞர் நலத்துக்குச் செலவாகிறது. பாதைக்கென விட்ட பணம், பள்ளிக்கென விட்ட பணத்தைக் காட்டிலும் நேராக ஏழைப் பிள்ளையைச் சென்றடைந்தது!

நீலச் சட்டைப் பள்ளி

எல்லாப் பள்ளிகளும் இவ்வழியே சென்றன என்று முடிவு கட்டுதல் நியாயமன்று. லண்டனில் ஆறாம் எட்வர்டு காலத்தில், 1552-ல், கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் தோன்றியது. பெயர் ஹாஸ்பிட்டலாயினும் அது வைத்தியசாலையன்று. தந்தையற்றோரும் தெருவில் அலைந்தோருமான பிள்ளைகளுக்குப் புகலிடம். அங்கே பாடத்தோடு சோறும் படுக்கையும் நீல நிற நீண்ட அங்கியும் கொடுத்தனர். தந்தையை இழந்த கோல்ரிட்ஜும், வழக்கறிஞர் ஒருவரின் பணியாளருடைய மகனான சார்லஸ் லாமும் 1782-ல் அங்கு சேர்ந்து, ஆங்கில இலக்கியத்தில் பெயர் நிறுத்தினர்.

அங்கும் குறை இல்லாமற் போகவில்லை. நிர்வாகிகளின் சிபாரிசு இருந்தாலன்றி இடமில்லை என்னும் வழக்கத்தால் வசதியுள்ளோரும் நுழைந்தனர். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டனம் எழுந்தது. ஆயினும் பள்ளி தன் வேரை இழக்கவில்லை. 1902-ல் ஹார்ஷம் என்னுமிடத்துக்கு மாறியது. இன்றும் குடும்ப வருமானத்தை அளந்தே சம்பளம் விதிக்கிறது. ஒன்றும் கட்டாமற் படிப்போரும் உளர். அங்கியைப் பள்ளியே தருகிறது. கட்டுபவனும் கட்டாதவனும் ஒரே அங்கியில் நடப்பதால், இலவசமாய்ப் படிப்பவன் யாரென்று உடை காட்டிக்கொடுப்பதில்லை.

பரீட்சை என்னும் சல்லடை

சிபாரிசை ஒழிக்க வழி பரீட்சை என்று பலர் எண்ணினர். 19-ம் நூற்றாண்டின் நடுவில் ஈட்டனும் வின்செஸ்டரும் தம் இலவச இடங்களுக்குப் போட்டிப் பரீட்சை வைத்தன. சிபாரிசு ஒழிந்தது, ஏழை வந்தானா? வரவில்லை. சிறுவயது முதல் பணம் கொடுத்து லத்தீனும் கிரேக்கமும் பயின்றவனே பரீட்சையில் வென்றான். ஓட்டப் பந்தயத்தில் ஒருவன் பாதி வழியிலிருந்து ஓடத் தொடங்கினால், முடிவுக் கோடு பொதுவாயிருந்து என்ன பயன்?

1944-ல் பிளெமிங் பிரபுவின் குழு, இப்பள்ளிகளின் இடங்களில் நூற்றுக்கு 25-ஐப் பொதுப்பணத்தில் சாதாரணப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அளிக்கலாமென்றது. சிலருக்கு அவ்வளவு செலவிட உள்ளூர் மன்றங்கள் தயங்கின. யோசனை பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. 1980-ம் ஆண்டுச் சட்டத்தால் அரசாங்கமே வருமானப்படி சம்பளம் கட்டும் திட்டம் வந்தது. 1997-ல் அதுவும் நிறுத்தப்பட்டது.

நமக்கு இதனாலென்ன?

இது கடல் கடந்த கதையென்று ஒதுக்கற்க. குருமார் மக்களுக்காக 1843-ல் தோன்றிய மார்ல்பரோ கல்லூரியின் பெயரில் 2012-ல் ஜொகூரில் ஒரு பள்ளி திறக்கப்பட்டது. மருத்துவர்களின் ஆதரவற்ற குடும்பங்களுக்காக 1855-ல் திறக்கப்பட்ட எப்சம் கல்லூரியின் பெயரில் 2014-ல் நெகிரி செம்பிலானில் மற்றொன்று எழுந்தது. இரண்டும் சம்பளம் வாங்கும் பள்ளிகள். நம் ஊர்களிலும் தனியார் பள்ளிகள் பெருகுங்கால், உபகாரச் சம்பளம் என்னும் விளம்பரமும் உடன் வரும்.

அவ்விளம்பரத்தைக் காணும் தோட்டத்துப் பெற்றோரும் நகரத்துப் பெற்றோரும், நம் சங்கங்களின் பெரியோரும் நான்கு கேள்விகள் கேட்டல் வேண்டும். இடம் கொடுப்பது வருமானம் பார்த்தா, மதிப்பெண் மட்டும் பார்த்தா? தேர்ந்தெடுப்பவர் யார்; அவர் யாருக்குக் கணக்குச் சொல்வார்? பள்ளிச் சம்பளம் தவிர, வண்டிச் செலவு, உடை, புத்தகம், சாப்பாடு இவற்றை யார் தருவார்? சேர்ந்த பிள்ளையை மற்றவர்க்குச் சமமாக நடத்துவதற்கு என்ன ஏற்பாடு?

கேட்பது யாசகமன்று. ஏழையின் பெயரால் எழுதிய சொத்தில் ஏழைக்குள்ள உரிமை அது. ஹாரோ ஊரார் இக்கேள்விகளை நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றபோது பள்ளி தோன்றி 200 ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தது. நம்மவர் முதல் நாளிலேயே கேட்பாராக.