அமேசானின் கதவைத் திறந்த வெளியாட்கள்

2007-ல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்கு ஒரு தலைவலி. 1851 முதல் 1980 வரை வெளியான ஒரு கோடியே பத்து லட்சம் கட்டுரைகளை இணையத்தில் படிக்க வசதியாக பிடிஎஃப் கோப்புகளாக்க வேண்டும். ஒவ்வொரு கட்டுரையும் பழைய தாள்களை ஸ்கேன் செய்த துண்டுப் படங்களாகக் கிடந்தது. அவற்றை அளவு பார்த்துப் பொருத்தி ஒட்டினால்தான் ஒரு கட்டுரை தேறும். மொத்தம் 4 டெராபைட். அங்கே வேலை பார்த்த டெரிக் காட்ஃப்ரிட் என்ற நிரலாளர், புது சர்வர் வாங்கித் தரச் சொல்லி நிர்வாகத்திடம் போய் நிற்கவில்லை. படங்களை அமேசானின் எஸ்3 சேமிப்பகத்தில் ஏற்றினார். இசி2 சேவையில் 100 சர்வர்களை வாடகைக்கு எடுத்தார். 24 மணி நேரம் முடிவதற்குள் வேலை முடிந்தது. சர்வர் ஒன்றுக்கு மணிக்கு 10 சென்ட் என்ற அன்றைய கட்டணத்தில் பார்த்தால் சர்வர் வாடகை வெறும் 240 டாலர்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் அந்த 240 டாலரோடு நிறுத்திவிடுவார்கள். அவர் எஸ்3-யோடு பேசக் கையில் எடுத்த கருவியை யாரும் கண்டுகொள்வதில்லை. அதன் பெயர் ஜெட்எஸ்3டி. ஜேம்ஸ் மர்ட்டி என்பவர் எழுதி இலவசமாக வெளியிட்ட ஜாவா லைப்ரரி. அதை எழுதியதில் அமேசானுக்குச் சம்பந்தமில்லை.

எஸ்3 வந்தது 2006 மார்ச்சில். இசி2 அதே ஆண்டு ஆகஸ்டில். இசி2-வின் பெரும்பகுதி அமெரிக்காவில் உருவாகவில்லை. அமேசானில் பொறுப்பான பதவியில் இருந்த கிறிஸ் பிங்கம் சொந்த நாடான தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்ப விரும்பியதால் கேப்டவுனில் ஒரு குழு அமைந்து அங்கே உருவானது. சேவை வந்துவிட்டது, அதை இயக்கத் திரைதான் இல்லை. உலாவியில் பொத்தானை அழுத்தி சர்வரை ஓடவிடும் வலைத்தளத்தை அமேசான் 2009 ஜனவரியில்தான் கொடுத்தது. அதுவரை வாடிக்கையாளருக்குப் பெரும்பாலும் கிடைத்தது ஒரு ஏபிஐ (நிரல்கள் சேவையோடு பேசும் இடைமுகம்), அதற்கான கையேடு, சில கட்டளைவரிக் கருவிகள்.

ஏபிஐ-யோடு நேரடியாகப் பேசுவது லேசான காரியமாக இருக்கவில்லை. அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையிலும் கையெழுத்து வேண்டும். என்ன செய்யச் சொல்கிறோம், எந்த வகைக் கோப்பு, தேதி, எந்தப் பாதை என்று எல்லாவற்றையும் அமேசான் சொன்ன வரிசையில், சொன்ன இடத்தில் வரி பிரித்துக் கோக்க வேண்டும். அதை ரகசியச் சாவியோடு சேர்த்து ஒரு கணிதச் சூத்திரத்தில் போட்டால் வரும் விடைதான் கையெழுத்து. ஒரே ஒரு வரி இடம் மாறினால் போதும், ‘சிக்னேச்சர் டஸ் நாட் மேட்ச்’ என்று பதில் வந்து நிற்கும். எங்கே தப்பு என்று தேடுவது நம் பாடு. உங்கள் கணினியின் கடிகாரம் 15 நிமிடத்துக்கு மேல் பிசகியிருந்தாலும் கோரிக்கை திரும்பிவிடும். இந்த எரிச்சலை ஒருமுறை அனுபவித்தவர் அதை ஒரு லைப்ரரிக்குள் அடைத்துவைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கத்தான் நினைப்பார்.

அப்படி நினைத்தவர்களில் ஒருவர் மிட்ச் கார்னாட். 2006-ல் அவர் பைத்தான் மொழியில் எழுதத் தொடங்கிய லைப்ரரி போட்டோ. அமேசான் ஆற்றில் வாழும் நன்னீர் ஓங்கிலின் பெயர் அது. கையெழுத்துக் கணக்கு முழுவதையும் போட்டோ விழுங்கிக்கொண்டது. பயனர் எழுத வேண்டியது இரண்டு மூன்று வரிகள்: இணைப்பைத் திற, இந்த இயங்குதளப் படிமத்தை வைத்து ஒரு சர்வரை ஓடவிடு. சர்வர் உடனே கைக்கு வராது. ‘பெண்டிங்’ என்ற நிலையில் கொஞ்ச நேரம் கிடந்துவிட்டுத்தான் ‘ரன்னிங்’ ஆகும். அதனால் அந்தக் காலத்து போட்டோ நிரல்கள் பலவற்றில் ஒரு சின்னச் சுற்று இருக்கும்: ஐந்து விநாடி தூங்கு, நிலை மாறிவிட்டதா என்று கேள், மாறவில்லையா, மறுபடி தூங்கு.

கார்னாட் மட்டுமல்ல, வேறு மொழிகளிலும் இதேபோல் ஆட்கள் கிளம்பினார்கள். பிஎச்பி-க்காக ரயன் பார்மன் எழுதிய டார்ஜான், பின்னர் கிளவுட்ஃபியூஷன் என்று பெயர் மாறி, 2010-ல் அமேசானின் அதிகாரபூர்வ பிஎச்பி கருவித்தொகுப்பாக உருமாறியது. கோ மொழிக்கு ஸ்ட்ரைப் நிறுவனத்தில் எழுதப்பட்ட லைப்ரரியை 2015-ல் அமேசான் ஏற்றுக்கொண்டது. கார்னாட்டும் அமேசானில் வேலைக்குச் சேர்ந்தார். உலகின் மிகப் பெரிய கிளவுட் நிறுவனம், தன் சேவையின் கைப்பிடிகளை வாடிக்கையாளர்கள் செய்து பார்க்கும்வரை காத்திருந்து, நன்றாக வந்தவற்றை உள்ளே எடுத்துக்கொண்டது. இதைத் தந்திரம் என்று சொல்வதா, அசட்டை என்று சொல்வதா? இரண்டும் கலந்தது என்பதே நியாயமான கணிப்பு.

கையால் எழுதிய லைப்ரரிக்கு ஒரு எல்லை உண்டு. அமேசான் மாதாமாதம் புதுச் சேவை அறிவிக்கும். ஒவ்வொன்றுக்கும் யாராவது உட்கார்ந்து நிரல் எழுத வேண்டும். 2014 அக்டோபரில் ஃபிராங்க்ஃபர்ட்டில் அமேசானின் தரவு மையங்கள் திறந்தபோது சிக்கல் வெளிப்படையாகத் தெரிந்தது. அங்கே கையெழுத்தின் புதிய வடிவமான நான்காம் பதிப்பு மட்டுமே செல்லும். மற்ற இடங்களில் ஆண்டுக்கணக்காக ஓடிக்கொண்டிருந்த போட்டோ நிரல்கள், எஸ்3 முகவரியை ஜெர்மனிக்கு மாற்றியதும் படுத்துவிட்டன.

அதற்குள் மாற்று வழி தயாராகியிருந்தது. போட்டோகோர் என்ற புது அடித்தளத்தில் சேவை ஒவ்வொன்றையும் விவரிக்கும் ஜேசன் கோப்பு இருக்கிறது: என்னென்ன கட்டளைகள், எவையெல்லாம் கட்டாயம், பதில் எந்த வடிவில் வரும். லைப்ரரி அந்தக் கோப்பைப் படித்து, ஓடும்போதே கட்டளைகளைத் தானாக உருவாக்கிக்கொள்ளும். புதுச் சேவை வந்தால் புதுக் கோப்பு ஒன்று போதும். தூங்கிக் கேட்டுத் தூங்கும் அந்தப் பழைய சுற்றுகூடக் கோப்புக்குள் போய்விட்டது: சர்வர் ஓடத் தொடங்கியதா என்று 15 விநாடிக்கு ஒருமுறை, அதிகபட்சம் 40 முறை கேட்கச் சொல்லி அதில் எழுதியிருக்கிறது. இந்த அடித்தளத்தின் மேல் 2013-ல் அமேசானின் கட்டளைவரிக் கருவி வந்தது. 2015 ஜூனில் போட்டோ3 வந்தது.

இதற்கு நடுவே வேறொரு கனவும் ஓடியது. சான் ஃபிரான்சிஸ்கோவில் கிளவுட்கிக் என்ற சிறு நிறுவனம், வாடிக்கையாளர்களின் சர்வர்களைக் கண்காணிக்கும் தொழில் செய்துவந்தது. அந்தச் சர்வர்கள் அமேசானிலும் ராக்ஸ்பேஸிலும் இன்னும் பல இடங்களிலும் சிதறிக் கிடந்தன. இடத்துக்கு ஓர் ஏபிஐ. எல்லாவற்றையும் ஒரே பேச்சில் இயக்க 2009-ல் அவர்கள் வெளியிட்டதுதான் லிப்கிளவுட். சர்வர்களைப் பட்டியலிடு, உருவாக்கு, மறுபடி தொடங்கு, அழி என்று எந்த நிறுவனத்துக்கும் ஒரே கட்டளைகள். அப்பாச்சி அறக்கட்டளை அதைத் தன் குடையின்கீழ் எடுத்து 2011-ல் முழுத் திட்டமாக அறிவித்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட கிளவுட் நிறுவனங்களோடு அது பேசும்.

ஆனால் நிறுவனங்கள் ஒன்றுபோல் இருக்கவில்லை. அமேசானில் சர்வருக்குப் பாதுகாப்புக் குழு, அதாவது எந்த இணைப்பை உள்ளே விடுவது என்ற விதித்தொகுப்பு, உண்டு. இன்னொரு இடத்தில் அப்படி ஒன்றே கிடையாது. லிப்கிளவுட் இதற்கு ஒரு வழி செய்தது: அந்தந்த நிறுவனத்துக்கே உரிய அளபுருக்கள் எல்லாம் ‘இஎக்ஸ்_’ என்ற முன்னொட்டோடு வரும். நிஜமான வேலைக்கு எழுதிய நிரலைத் திறந்தால் இந்த முன்னொட்டுதான் வரிக்கு வரி கண்ணில் படும். நிறுவனம் மாறினால் அந்த வரிகளை எல்லாம் திரும்ப எழுத வேண்டும். பொதுமொழி என்று சொல்லி உள்ளே அவரவர் வட்டார வழக்கையே பேசவைத்த கதை இது. 2014-ல் வந்த டெர்ராஃபார்ம் என்ற கருவி இந்தப் பாசாங்கையே கைவிட்டது. எழுதும் முறை ஒன்று. ஆனால் அமேசான் சர்வரை அமேசான் சர்வர் என்றே எழுதச் சொன்னது. சந்தை அந்த நேர்மையின் பக்கம் சாய்ந்தது.

லிப்கிளவுட் இன்றும் அப்பாச்சியின் குடையில்தான் இருக்கிறது. போட்டோ3-யோ, பைத்தான் லைப்ரரிகளின் பொதுக்கிடங்கான பைபிஐ-யில் அதிகம் பதிவிறக்கப்படுபவற்றின் பட்டியலில் முன்வரிசையில் நிற்கிறது. அந்தப் பதிவிறக்கங்களில் பெரும்பாலானவற்றைச் செய்வது மனிதர்கள் அல்ல, இரவு பகலாக நிரல்களைச் சோதித்து ஏற்றிக்கொண்டிருக்கும் வாடகை சர்வர்கள்.