ஜட்காவும் ஒரு கிழவனின் ஆசையும்

எழுபதைத் தாண்டியபின் எனக்கு ஒரு ஆசை: மட்டக்குதிரை பூட்டிய வண்டியை நானே ஓட்டிப் பழக வேண்டும். கேளம்பாக்கத்தில் கார் நகரவே இடமில்லை என்று வீட்டில் சிரித்தார்கள்.

இங்கிலாந்து இளவரசர் பிலிப் 1971-இல் போலோ ஆட்டத்தை விட்டு, ஐம்பது வயதுக்குமேல் இதில் இறங்கினார். தொண்ணூறு தாண்டியும் ஓட்டினார். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இதன் பெயர் 'அத்லாஜ்'. பூட்டுதல் என்று பொருள்.

நம் பக்கம் இது விளையாட்டல்ல, பிழைப்பு. சென்னை எழும்பூரிலும் சென்ட்ரலிலும் ரயில் இறங்கியவர்களுக்கு ஒரு காலத்தில் ஜட்காதான். இந்தியில் 'ஜட்கா' என்றால் குலுக்கல்; ஏறியவர்களுக்குப் பெயர்ப் பொருத்தம் தெரியும். இரண்டே சக்கரம். பின்பாரம் கூடினால் ஏர்க்கால் மேலே தூக்கும். முன்பாரம் கூடினால் குதிரையின் முதுகு அழுந்தும். வண்டிக்காரர் நம்மை முன்னே தள்ளு, பின்னே தள்ளு என்று விரட்டியதெல்லாம் குதிரைக்காகத்தான்.

பழனி அடிவாரத்தில் இன்னும் குதிரை வண்டிகள் உண்டு. போன முறை அங்கே ஒரு பெரியவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். கடிவாள வாரை என் கையில் கொடுத்தார். "இழுக்காதீங்க சார், சும்மா பிடிங்க. அதுக்கு வழி தெரியும்."

இறங்கும்போது சொன்னார்: "என் பையன் ஒரு நாளும் கேட்டதில்லை. ஆட்டோ ஓட்டுறான்."