அஞ்சல் வண்டிக் காவலரின் படைக்கலம்

வழிச்செல்வோர் தற்காப்பிற்குத் தாங்கிய படைக்கலத்தைப் பயண முறையே பெரிதும் வரையறுத்தது எனலாம். 1784 ஆகஸ்டு 2 ஆம் நாள், ஜான் பாமரின் முயற்சியால், பிரிஸ்டலிலிருந்து இலண்டனுக்கு முதல் அஞ்சல் வண்டி புறப்பட்டது. அதற்குமுன் அஞ்சலைக் குதிரைமேற் சுமந்த சிறுவர் கள்வர்க்கு எளிய இரையாயினர். புதிய வண்டியின் காவலரோ கைத்துப்பாக்கி இரண்டும், வாயகன்ற குறுந்துப்பாக்கி ஒன்றும் தாங்கினர். நெடுந்துப்பாக்கியை விடுத்து இதனைக் கொண்டமை ஏன்? ஆடும் வண்டியிலிருந்து குறிபார்த்தல் அரிது. பல குண்டுகளை ஒருங்கே உமிழும் கருவிக்கோ, அணித்தே நிற்பானைத் தாக்க நுண்குறி வேண்டுவதின்று. வாயகலத்தால் குண்டுகள் பரந்து பாயும் என்பது பொதுநம்பிக்கை. பிற்காலச் சோதனைகள் அதனை அரண் செய்யவில்லை. ஆதலின், ஓட்டத்திடையே மருந்தும் குண்டும் சிந்தாமல் இடுதற்கு உதவியதே அதன் முதற்பயன் என நாம் கொள்வோம். விளையாட்டாகச் சுட்டுத் திரிந்த காவலரும் உளர். அவரை அடக்கப் பின்னர்ச் சட்டமே தண்டம் விதிக்க நேர்ந்தது.