வேதநூலும் வாசிப்போர் உரிமையும்

பத்தாம் வகுப்பில் ஒருநாள் ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தைப் பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். கம்பனி அரசின் மதக் கொள்கையை விளக்கி முடித்ததும் பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். அவளுடைய தந்தையார் கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள வயல்களில் அரிவு வெட்டும் கூலித் தொழிலாளி. குடும்பத்தார் சில ஆண்டுகளாக முருங்கனுக்கு அணித்தேயுள்ள ஒரு சிறு சுவிசேஷ சபைக்குப் போய்வருகின்றனர். “சேர், எங்கட சபையில அப்பாவும் எழும்பி நின்று வேதாகமம் வாசிப்பார். ஆனால் கேள்வி மட்டும் கேட்கக் கூடாதாம்” என்றாள்.

என்ன நடந்தது என்று வினவினேன். வயலை அறுத்தவர்களின் கூலியைப் பிடித்துவைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடும் என்னும் பொருள்பட யாக்கோபின் நிருபத்திலே ஒரு பகுதி உண்டு. அதை அவள் தந்தையார் ஒரு கூட்டத்தில் வாசித்திருக்கிறார். வாசித்தவர், “இதைப் பற்றி ஏன் நாம் ஒருநாளும் பிரசங்கம் கேட்பதில்லை?” என்று கேட்டுவிட்டார். கூலி பாக்கி வைத்திருந்த வயற்காரரும் அதே கூட்டத்தில்தான் இருந்தாராம். வசனத்துக்கு ஆவிக்குரிய பொருள் வேறு, எழுதப்பட்டதை விசாரிப்பது விசுவாசக் குறைவு என்று அவருக்குப் பதில் கிடைத்தது.

வாசிக்கலாம், கேட்கக் கூடாது. இந்த நிலைமை முருங்கனில் பிறந்ததன்று. ஐரோப்பாவிலே அதற்கு ஐந்நூறு ஆண்டுப் பழமை உண்டு. மன்னார்க் கரையிலும் அதற்குத் தனியானதொரு வரலாறு உண்டு.

வேதநூல் ஒன்றே இறுதி அதிகாரம் என்னும் கொள்கை தோன்றிய காலத்தில் அது ஒரு புரட்சிக் கொள்கையாகவே தோன்றிற்று என்பதை நாம் மறந்துவிடலாகாது. பாப்பரசரின் ஆணைக்கும் சபைச் சங்கங்களின் தீர்ப்புக்கும் மேலாக நூலை நிறுத்திய மார்ட்டின் லூதர், 1522இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். குருமார் மட்டுமே அறிந்த மொழியில் அடைபட்டிருந்த நூல் பாமரர் செவிக்கு எட்டியது. மூன்றே ஆண்டுகளில் அதன் விளைவும் தெரிந்தது. 1525இல் தென் ஜெர்மனியின் குடியானவர்கள் தங்கள் கோரிக்கைகளைப் பன்னிரண்டு பிரிவுகளாக வகுத்து வெளியிட்டனர். கிறிஸ்து எல்லாரையும் மீட்டார் என்று நூல் சொல்லுமாயின் நாங்கள் மட்டும் எப்படிப் பண்ணையடிமைகள் ஆவோம் என்பது அவர்களின் வாதம். எங்கள் கோரிக்கைகளில் எதுவும் வேதநூலுக்கு முரண் என்று காட்டினால் அதனைக் கைவிடுவோம் என்றும் அவர்கள் அறிவித்தனர்.

நூலின் அதிகாரத்தை அவர்களைவிட முழுமையாக ஏற்றுக்கொண்டவர் யார்? ஆயினும் லூதர் பிரபுக்களின் பக்கமே நின்றார். கிளர்ச்சிக்காரரை ஈவிரக்கமின்றி அடக்குமாறு எழுதினார். பல்லாயிரம் குடியானவர் கொன்றொழிக்கப்பட்டனர். நூலை மக்கள் கையிற் கொடுத்தவர், மக்கள் அதைத் தம் வயிற்றோடும் வயலோடும் சேர்த்து வாசித்தபோது அஞ்சினார். நூலின் அதிகாரம் ஒன்று. நூலுக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் வேறொன்று. முதலாவதைப் போற்றுவோர் பலர் இரண்டாவதைப் பகிர்ந்துகொள்ள விரும்புவதில்லை.

இதனை மனத்திற்கொண்டு எங்கள் கரைக்கு வருவோம். மன்னாரிற் கிறிஸ்தவம் நூலோடு வரவில்லை. பிரான்சிஸ் சவேரியார் 1542க்குப் பின் முத்துக்குளித்துறையில் போதித்தது மனனஞ் செய்யக்கூடிய தமிழ்ச் செபங்களையே. அவர் அனுப்பிய குருவானவர் ஒருவரால் மன்னாரில் ஞானஸ்நானம் பெற்றோர் அறுநூறு பேருக்கு மேல் 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டனர். மதமாற்றத்தின் பின்னே போர்த்துக்கேயரின் படகுகளையும் முத்து வாணிபத்தின் மீது அவர்களுக்கிருந்த கண்ணையும் அம்மன்னன் கண்டான் என்பது உண்மையே. ஆனால் இறந்தவர்கள் அரசியல்வாதிகள் அல்லர், சாதாரண மக்கள். தமிழெழுத்தில் முதல் அச்சு நூலான ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் வெளிவந்தது 1578இல் அன்றோ? அச்சிட்ட தமிழ் வேதநூலின் ஒரு பக்கத்தைக்கூடக் காணாமலே அவர்கள் உயிர் துறந்தார்கள்.

போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைக் கைப்பற்றினர். 1658இல் ஒல்லாந்தர் அதனை அவர்களிடமிருந்து பறித்தனர். வேதநூலே அனைத்துக்கும் மேலானது என்னும் சீர்திருத்தத் திருச்சபை இக்கரைக்கு வந்தது அப்போதுதான். அது எப்படி வந்தது? கத்தோலிக்க குருமாருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரணதண்டனை என்னும் அவ்வாண்டுக் கட்டளையோடு வந்தது. கத்தோலிக்கக் கோயில்கள் சீர்திருத்த சபையின் ஆலயங்களாயின. கோயிலை அடுத்துப் பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்தில் தோம்பு. பிறப்பும் ஞானஸ்நானமும் விவாகமும் அதிற் பதியப்பட்டன. பிள்ளைகள் கர்த்தருடைய செபத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கற்பனைகளையும் ஒப்புவிக்க வேண்டும். பள்ளிக்கு வராவிடின் குற்றப்பணம். முறையான விவாகத்துக்கும் முதுசொத்துக்கும் உத்தியோகத்துக்கும் அந்தப் பதிவே வாயிலாயிற்று.

யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்த பிலிப்பு பால்தேயு பாதிரியார் தமிழைக் கற்றவர். 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த அவரது பெருநூல் நம் நாட்டைப் பற்றிய அரிய ஆவணமாகும். தனிமனிதர் சிலரின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கம்பனியின் ஒழுங்கு முறை மக்களுக்கு நூலைக் கொடுக்கு முன்னரே நூலின் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டது. கொழும்பிலே பிறந்து சீர்திருத்தச் சபையின் குருப்பட்டம் பெற்ற பிலிப்பு தெ மெல்லோவின் உழைப்பால் புதிய ஏற்பாடு கொழும்பில் தமிழில் அச்சேறியது 1759இல். மன்னாரைக் கைப்பற்றி 101 ஆண்டுகளுக்குப் பின்! அதற்கு முன்னர், 1715இல், டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியிலேயே சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு முற்றுப்பெற்றுவிட்டது.

மக்கள் என்ன செய்தார்கள்? பலர் தோம்பிற் பெயர் பதித்துவிட்டுத் தம் வழியே நடந்தார்கள். சிலர் காட்டுக்குள் நுழைந்தார்கள். மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவின் திருச்சொரூபத்தைச் சுமந்து 1670இல் மருதமடுக் காட்டை அடைந்தன என்பது மரபுச் செய்தி. இன்று ஆவணி மாதத்தில் இலட்சக்கணக்கானோர் கூடும் மடுத் திருப்பதியின் தோற்றம் இதுவே. 1687இல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்து, கலைந்துபோயிருந்த கத்தோலிக்கரை ஒன்றுசேர்க்கத் தொடங்கினார்.

1796இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிந்தது. கட்டாயம் நீங்கியதும் தோம்பிலிருந்த கிறிஸ்தவம் உதிர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தைப் பார்த்த ஸ்கொத்லாந்தியச் சுவிசேஷகர் குளோடியஸ் புக்கானன், பாழடைந்து நின்ற சீர்திருத்த ஆலயங்களைக் கண்டு வருந்தி எழுதினார். மன்னார் மாவட்டம் இன்றும் பெரும்பாலும் கத்தோலிக்க மாவட்டமாக இருப்பதன் காரணம், அதிகாரத்தின் நூலைவிட மக்களின் நினைவு நீடித்து நின்றமையே.

பிரித்தானியர் காலத்தில் நூல் உண்மையாகவே மக்கள் கைக்கு வந்தது. 1814இல் வெஸ்லியன் மிசன், 1816இல் அமெரிக்க மிசன், 1818இல் சேர்ச் மிசன் என அடுத்தடுத்து வந்த சபைகள் பள்ளிக்கூடங்களைத் திறந்தன, அச்சுக்கூடம் நிறுவின. எழுத்தறிவு பெருகிற்று. அத்துடன், யார் பொருள் சொல்வது என்னும் பழைய வினாவும் புதிய உருவில் எழுந்தது. தமிழ்ச் சமுதாயத்தில் அவ்வினா சாதியின் மீதுதான் முதலில் மோதியது.

தஞ்சையில் வேதநாயக சாஸ்திரியாரும் அவரைச் சார்ந்த கிறிஸ்தவரும் 1829 அளவில் புதிய மிசனரிமாரை எதிர்த்து எழுப்பிய முறைப்பாடு கவனிக்கத்தக்கது. வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்துகிறார்கள் என்பதும், சாதி வேறுபாட்டைத் துறக்கச் சொல்கிறார்கள் என்பதும் அதில் அடுத்தடுத்து இடம்பெற்றன. பழகிய மொழிபெயர்ப்பும் பழகிய ஆசனமும் அவர்களுக்கு ஒன்றாகவே தோன்றின போலும். 1850இல் சென்னையிற் கூடிய புரட்டஸ்தாந்து மிசனரிமார் மாநாடு சாதியைக் கிறிஸ்தவத்துக்கு முரணானது எனக் கண்டித்தது. லைப்சிக் லுத்தரன் மிசனோ அவ்வளவு கண்டிப்பு வேண்டாம், அது சமுதாய வழக்கம் என்று விட்டுக்கொடுத்தது. நூல் ஒன்று, தீர்ப்பு இரண்டு.

யாழ்ப்பாணத்து உதாரணம் இதனினும் சுவையானது. பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர் ஆறுமுக நாவலர். அதனால் அந்நூலை வரிவரியாக அறிந்தவர் அவர். 1854இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ எழுதியபோது, பழைய ஏற்பாட்டிற் கூறப்படும் ஆலயம், பலி, தீபம், தூபம் முதலியவற்றை எடுத்துக்காட்டி, சைவர் செய்வதை மட்டும் எப்படி இகழ்வீர்கள் என்று மிசனரிமாரையே மடக்கினார். நூலுக்குப் பொருள் சொல்லும் ஏகபோகம் அன்று யாழ்ப்பாணத்தில் உடைந்தது. ஆனால் உடைத்த நாவலரும் சாதியாசாரத்தை விட்டாரில்லை. ஏகபோகம் உடைவது வேறு, சமத்துவம் பிறப்பது வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இது தமிழருக்கு மட்டும் உரிய நோய் என்று எண்ணவேண்டாம். மன்னாரில் தோம்பு எழுதிய அதே ஒல்லாந்தக் கம்பனி தென்னாபிரிக்காவின் கேப் நகரிலும் அதே சீர்திருத்தச் சபையை நாட்டியது. அச்சபை 1857இல், “சிலருடைய பலவீனத்தின்” பொருட்டுக் கறுப்பின மக்களுக்குத் தனி ஆராதனை நடத்தலாம் என்று தீர்மானித்தது. பலவீனத்துக்கு இடங்கொடுத்த விதிவிலக்கு இருபதாம் நூற்றாண்டில் நிறவெறிக் கொள்கையாக வளர்ந்தது. வேதநூலிலிருந்தே அதற்கு ஆதாரமும் காட்டப்பட்டது. அதே நூலைக் கையிலேந்தித்தான் உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு 1982இல் நிறவெறியை நியாயப்படுத்துவது வேதப்புரட்டு என்று அறிவித்தது. அமெரிக்காவிலும், அடிமைகளை வைத்திருப்போர் மிசனரிகளாகலாமா என்ற வினாவின் மேல் 1845இல் பப்ரிஸ்து சபை இரண்டாகப் பிளந்தது. ஆகலாம் என்ற தென்னவர் அப்போஸ்தலரின் நிருபங்களைக் காட்டினர். அடிமைகளோ எகிப்திலிருந்து விடுதலை பெற்றோரின் கதையைத் தம் கதையாகப் பாடினர். தென்னவர் சபை மன்னிப்புக் கேட்டது 1995இல்.

இன்றைய சுவிசேஷ சபைகளின் அறிக்கைகளிலும் இந்த இழுபறி உண்டு. 1974இல் சுவிற்சர்லாந்தின் லொசானில் கூடிய உலக மாநாடு, வேதநூல் தான் உறுதிப்படுத்தும் எதிலும் பிழையற்றது என்றது. ஆயினும் இலத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த ரெனே பதில்லா, சாமுவேல் எஸ்கோபார் போன்றோரின் வற்புறுத்தலால், சமுதாயப் பொறுப்பும் கிறிஸ்தவக் கடமையே என்னும் பகுதியும் அதே உடன்படிக்கையில் இடம்பெற்றது. நான்கு ஆண்டுகளின் பின் சிக்காகோவில் வெளியிடப்பட்ட அறிக்கையோ பிழையின்மைக் கோட்பாட்டையே விரிவாக வரையறுத்தது. எங்கள் சிற்றூர்களுக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் இந்த இரண்டாவது குரலே.

2009இல் போர் முடிந்தபின் வன்னியிலும் மன்னாரிலும் சிறு சபைகள் பல தோன்றின. அவற்றை ஏளனஞ் செய்வது எளிது, நியாயமன்று. உறவுகளை இழந்தோருக்கு அவை உறவாயின. குடியை விட்ட கணவன்மாரைக் கண்டோம். பள்ளியை இடையில் விட்ட மனிதன் எழுத்துக்கூட்டி வாசித்து, பின்னர் சபை நடுவே நிமிர்ந்து நின்று வாசிக்கக் கண்டோம். முற்போக்காளர் எனப்படும் நாம் அவனுக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்தினோமா? அவனுடைய கூலிக்காக வயற்காரரின் வாசலில் நின்றோமா? இக்கேள்விகளுக்கு விடை சொல்லாமல் சபைகளைக் குறைகூற எமக்கு உரிமையில்லை.

எனினும், நிமிர்ந்து வாசித்தவனை மறுபடியும் குனியச் சொல்வது எந்த வேதத்தின் கட்டளை? நூலின் அதிகாரம் மெய்யானால் அது வயற்காரருக்கும் போதகருக்கும் மேலே நிற்கவேண்டும். அவர்களின் நாவுக்குள் ஒடுங்கலாகாது. 1525இன் குடியானவர்கள் கேட்டது இதைத்தான். தோம்பு எழுதிய அரசினால் மன்னார் மக்களின் மனத்தை வெல்ல முடியாமற் போனதும் இதனால்தான்.

அடுத்த பாடவேளையில் அந்த ஜெர்மன் குடியானவரின் கதையை வகுப்பில் விரிவாகச் சொன்னேன். மாணவி தன் குறிப்புப் புத்தகத்தில் ஆண்டை எழுதிக்கொண்டாள். பாடம் முடிந்ததும் என்னிடம் வந்து, “அவங்களுக்குக் கூலி கிடைச்சதா, சேர்?” என்று கேட்டாள்.

கிடைக்கவில்லை என்றேன். அவள் தந்தைக்குரிய அரிவுக் கூலியும் இன்னும் கிடைக்கவில்லை.