கடாரம் காணச் செல்வோர்க்கு

மலாய்க் கரையிலுள்ள கெடா மாநிலமே நம் முன்னோர் கடாரமென அழைத்த நாடாகும். இராசேந்திர சோழன் 1025இல் அதன்மீது படையெடுத்து வென்றமை வாலிபர் யாவரும் அறிந்ததே. அதற்கு முன்னரே கடாரத்தரசர் நாகபட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பியதையும், சைவனாகிய இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை ஈந்ததையும் அறிந்தோர் சிலரே. போருக்கு முந்தியது நட்பு.

இன்று அங்கு செல்வோர் செராய் மலையடியிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கைக் காணல் வேண்டும். இந்து, பௌத்த ஆலயங்களின் கல் அடித்தளங்கள் அங்குள்ளன. மெர்போக் ஊரில் நூதனசாலையும் உண்டு. ஆயினும் 2013இல் ஓர் ஆலய அடித்தளம் வீடமைப்புக்காக இடிக்கப்பட்டமை வருந்தத்தக்கது.

நம் மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களிலும் பழங்கல்லொன்று கண்டால், அதனை அகற்றாது பெரியோரிடம் கேட்டறிந்து பேணுதல் வாலிபர் கடனாகும்.