கடலடிச் சேற்றில் பிறந்த தரை

மொராக்கோவின் ஃபெஸ் நகரத்தைச் சுற்றியுள்ள மேடுகளில் குயவர்கள் வெட்டியெடுக்கும் மண் சாம்பல் நிறம். ஈரமாக இருக்கும்போது அதில் நீலமும் லேசாகத் தெரியும். ஏறக்குறைய 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்த இடம் கடலாக இருந்தது. ஜிப்ரால்டர் நீரிணை உருவாவதற்கு முன்பு, அட்லாண்டிக் நீர் மத்தியதரைக் கடலுக்குள் போன வழிகளில் ஒன்று ரிஃப் மலைகளுக்குத் தெற்கே, இன்றைய ஃபெஸ் சமவெளியின் மேலாகச் சென்றது. பிறகு நிலம் மெல்ல மெல்ல எழும்பி வழி அடைபட்டது. அடியில் படிந்திருந்த சேறு அங்கேயே தங்கிவிட்டது. கடல் உயிர்களின் கூடுகள் படிந்து சேர்ந்த சுண்ணாம்பு அந்தச் சேற்றில் நிறைய இருக்கிறது. இன்று உலகெங்கும் முற்றங்களிலும் மாடித் தளங்களிலும் பதிக்கப்படும் பெஜ்மாத் என்ற நீள்சதுர ஓடு இந்த மண்ணில் பிறந்ததுதான்.

சுட்ட மண் என்றதும் நமக்குச் செங்கல் சிவப்புதான் நினைவுக்கு வரும். ஃபெஸ் ஓடு அப்படி இருக்காது. மண்ணில் இருக்கும் இரும்பு சூளைச் சூட்டில் சிவக்கப் பார்க்கும். கூடவே இருக்கும் சுண்ணாம்பு அந்தச் சிவப்பைக் கட்டுப்படுத்தும். அதனால் ஓடு வைக்கோல் நிறத்திலோ, வெளிறிய இளஞ்சிவப்பிலோ வெளிவருகிறது. வெளிர் நிறம் என்பதால் மேலே பூசும் மெருகின் வண்ணம் மங்காமல் நிற்கிறது. சுண்ணாம்பு கலந்த களிமண் மெருகை நன்றாகப் பிடித்துக்கொள்ளவும் செய்யும். ஃபெஸ் நகரம் ஓட்டுக்குப் பேர்போனதற்குக் கைத்திறன் பாதிக் காரணம் என்றால் மறுபாதி இந்த மண். மொராக்கோவிலேயே வேறு ஊர்க் குயவர்களுக்கு வேறு மண், வேறு வழி. தெற்கே திரா பள்ளத்தாக்கில் உள்ள தம்குருத் தன் பச்சை மெருகுப் பாண்டங்களுக்குப் பெயர்பெற்றது. கடலோர ஸாஃபி நகரமும் பாண்டங்களுக்குப் புகழ்பெற்றது. தரைக்கும் சுவருக்கும் என்றால் பேச்சு ஃபெஸ்ஸுக்கே திரும்பும்.

மண் மட்டும் இருந்தால் ஓடு வந்துவிடாது. அதைக் கேட்கும் நகரம் வேண்டும். 789-இல் மன்னர் முதலாம் இத்ரீஸ் ஃபெஸ் ஆற்றின் ஒரு கரையில் குடியிருப்பை நிறுவினார். 809-இல் அவருடைய மகன் இரண்டாம் இத்ரீஸ் எதிர்க்கரையில் இன்னொன்றை எழுப்பினார். 818-இல் ஸ்பெயினின் கொர்தோபாவில் எழுந்த கிளர்ச்சி அடக்கப்பட்டபோது, அங்கிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் ஃபெஸ்ஸில் வந்து குடியேறின. அவர்கள் தங்கிய கரைக்கு இன்றும் அந்தலூசியர் கரை என்றே பெயர். கடல் கடந்து வந்தவர்களின் ரசனையும் உள்ளூர் மண்ணும் சேர்ந்த ஊர் அது. அங்கே வீடு தெருவுக்கு முதுகைக் காட்டி நிற்கும்; உள்ளே நடுமுற்றமும் நீரூற்றும் இருக்கும். சமையல், சலவை, விருந்து எல்லாம் முற்றத்தைச் சுற்றியே நடக்கும். நாளுக்குப் பல முறை தண்ணீர் ஊற்றிக் கழுவப்படும் தரைக்கும், கைபட்டு அழுக்காகும் சுவரின் கீழ்ப்பகுதிக்கும் ஓடு தேவைப்பட்டது.

அந்தத் தேவை கலையாக உயர்ந்தது மரீனிய அரசர்கள் காலத்தில். 1325-இல் முடிந்த அத்தாரீன் மதரஸாவுக்கும், சுல்தான் அபூ இனான் 1350-களில் கட்டிய பூ இனானியா மதரஸாவுக்கும் போய் நின்றால் ஓர் ஒழுங்கு தெரியும். கையெட்டும் உயரம்வரை ஓட்டுத்துண்டுகளால் ஆன ஸெல்லிஜ், அதற்கு மேல் செதுக்கிய சுதை, அதற்கும் மேல் தேவதாரு மரம். நனையும், உரசும் இடத்துக்குச் சுட்ட மண். நனையாத இடத்துக்குச் சுதை. கைக்கும் நீருக்கும் எட்டாத உயரத்தில் மரம். அலங்காரத்தின் பின்னால் இவ்வளவு தெளிவான கணக்கு இருந்ததால்தான் அவை ஏறக்குறைய 700 ஆண்டு கடந்தும் நிற்கின்றன என்பது என் எண்ணம்.

ஸெல்லிஜும் பெஜ்மாத்தும் உடன்பிறப்புகள். பத்து சென்டிமீட்டர்ச் சதுர ஓட்டை மெருகேற்றிச் சுட்டு, தரையில் உட்கார்ந்து, கனமான சுத்தியலால் நட்சத்திரமாகவும் சிலுவையாகவும் துண்டுதுண்டாகத் தட்டியெடுத்தால் அது ஸெல்லிஜ். பெஜ்மாத்தை வெட்டுவதில்லை. ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் நீளம், 2 சென்டிமீட்டர் கனம். அப்படியே முழுதாகப் பதிப்பார்கள். நட்சத்திரக் கோலங்களைப் படம் பிடித்தவர்கள் ஆயிரம் பேர். காலடியில் கிடந்த பெஜ்மாத்தைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. வெளிமுற்றத்துக்கு ஏற்றது இந்தத் தடித்த ஓடுதான்.

ஆல்ஃப்ரெட் பெல் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 1918-இல் ஃபெஸ்ஸின் மட்கலத் தொழில்களைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். வேலையின் அடிப்படை இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. மேட்டில் வெட்டிய மண்ணைக் காயவிட்டு, கட்டியை உடைத்து, தொட்டியில் ஊறவைப்பார்கள். ஊறிய மண்ணைக் காலால் மிதித்துப் பிசைவார்கள். கல்லும் வேரும் காலுக்கும் கைக்கும் தட்டுப்படும்போதே எடுத்தெறிவார்கள். சுண்ணாம்புக் கல் ஒரு சிறு துண்டு தப்பிப் போனாலும் ஆபத்து: சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாக மாறும், பின்னொரு நாள் ஈரம் பட்டதும் உப்பி, ஓட்டின் முகத்தைப் பெயர்த்துவிடும். பிசைந்த மண்ணை மரச் சட்டத்தில் அழுத்தி வழித்து வெயிலில் பரப்புவார்கள். பாதி காய்ந்ததும் தட்டி மட்டமாக்கி, அளவுப் பலகை வைத்துக் கத்தியால் ஓரம் சீவுவார்கள். மழைக்காலத்தில் ஓடு காயாது, வேலை மந்தமாகும்.

சூளைக்கு நெடுங்காலம் எரிபொருளாக இருந்தது ஒலிவ எண்ணெய் ஆட்டிய பின் மிஞ்சும் கொட்டையும் சக்கையும். ஊரைச் சுற்றி ஒலிவத் தோப்புகள் இருக்க வேறு விறகு எதற்கு? ஆனால் அந்தப் புகை கரியது, கனத்தது. பழைய நகரின் பாப் ஃப்தூஹ் வாயிலருகே இருந்த குயவர்கள் பின்னாளில் வெளிப்புறத்து ஐன் நொக்பிக்கு இடம்பெயர்ந்ததற்குப் புகை முக்கியக் காரணம். சூளைக்குள் சூடு எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. தீயின் பக்கத்தில் இருந்த ஓடு ஒரு நிறம், ஓரத்தில் இருந்தது இன்னொரு நிறம். செம்பு தரும் பச்சை ஒரே சூளையில் இலைப்பச்சையாகவும் பாசிப்பச்சையாகவும் பிரியும். கோபால்ட்டு நீலம், மாங்கனீசுப் பழுப்பு, இரும்பின் தேன்மஞ்சள், வெள்ளீய வெள்ளை எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொள்ளும் விதமாகத்தான் பதிக்கும் முறையும் உருவானது. பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பதித்தால் தரை திட்டுத்திட்டாகத் தெரியும். அதனால் நான்கைந்து பெட்டிகளைத் திறந்து கலந்து வைத்துக்கொண்டு எடுக்க வேண்டும். அதிகமாக வளைந்ததைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஓரத்தில் வெட்டிப் போடும் இடத்துக்கு ஒதுக்கலாம். கனமும் ஒன்றுபோல் இராது என்பதால் மெல்லிய பசை பரப்பி ஒட்டுவதைவிட, கெட்டியான கலவைப் படுகையில் ஒவ்வொன்றாகத் தட்டி மட்டம் பார்ப்பதே நல்லது. ரசமட்டம் தளத்தின் போக்கைச் சொல்லும். பக்கத்து ஓட்டோடு ஒத்துப்போகிறதா என்பதைக் கொத்தனாரின் உள்ளங்கை சொல்லும்.

கலவையில் பதிப்பதற்கு முன் ஓட்டைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். குமிழி வருவது நிற்கும்வரை. இதைச் சோம்பலில் விட்டுவிடுகிற தளங்கள்தான் அதிகம் கெடுகின்றன. காய்ந்த ஓடு கலவையின் ஈரத்தை ஒரே இழுப்பில் உறிஞ்சிவிடும். கலவை இறுகுமுன்பே உலர்ந்துபோகும், ஓடு ஆடும். ஊறிய ஓட்டை மேல்நீர் வடியவிட்டுப் பதித்தால் இரண்டும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே பிளாஸ்டிக் கட்டை செருகி அகல இடைவெளி விடுவது இந்த ஓட்டின் மரபில் இல்லை. நெருக்கிப் பதித்து, இரண்டு மில்லிமீட்டர் போன்ற மெல்லிய இடுக்கில் நீர்த்த சாந்தை ஓடவிட்டு, உடனே துடைத்தெடுப்பார்கள். மெருகில்லாத ஓடானால் சாந்து ஊற்றும் முன் ஒரு பூச்சுக் காப்பு கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சாந்தின் கறை முகத்திலேயே தங்கிவிடும். கறை போக ஆசிட் ஊற்றுவது நம் பக்கத்து வழக்கம். சுண்ணாம்பு நிறைந்த இந்த ஓட்டை ஆசிட் தின்றுவிடும். ஒரு சொட்டும் கூடாது. காரமில்லாத சோப்பும் தேய்க்கும் கையும் போதும்.

வெளித்தளத்தின் முதல் கேள்வி வண்ணமே அல்ல, வாட்டம். ஒரு மீட்டருக்கு ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் சரிவு அடித்தளத்திலேயே இருக்க வேண்டும். நீர் தேங்கினால் பாசி பிடிக்கும். அடியிலுள்ள உப்பு மேலேறிப் பூக்கும். வெயிலில் விரியும் தளத்துக்குச் சுவரோரமும் நடுநடுவேயும் நெகிழும் இடைவெளி விட வேண்டும். மேலே கொடுக்கும் காப்பு, ஓட்டுக்குள் ஊடுருவி மூச்சுவிட இடம் கொடுக்கும் வகையாக இருக்கட்டும். பளபளவென்று தோலாகப் படியும் வகையைப் பூசினால், தரையடியிலிருந்து வரும் ஆவி வெளியேற வழியில்லாமல் அந்தத் தோலையே உரித்துவிடும்.

இந்த ஓட்டின் உண்மையான எதிரி உறைபனி. ஓட்டின் நுண்துளைகளில் புகுந்த நீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், ஓடு பிளந்துவிடும். ஃபெஸ்ஸிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தூரத்தில், மலைமேல் இஃப்ரான் என்ற ஊர் இருக்கிறது. 1935-இல் அங்கே மைனஸ் 23.9 டிகிரி பதிவானது. ஆப்பிரிக்காவிலேயே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை அதுதான். கீழே முற்றத்தில் தலைமுறைகள் தாங்கும் தரை, அந்த மலையில் சில குளிர்காலங்களையே தாண்டத் திணறும். ஐரோப்பாவின் குளிர் நாடுகளில் இதை வெளியில் பதித்துவிட்டு வருந்துகிறவர்கள் விற்பவரிடம் முதலில் கேட்டிருக்க வேண்டியது, இந்த ஓடு உறைபனியைத் தாங்குமா என்பதைத்தான்.

நம் ஊர்களுக்கு, ஊட்டி, கொடைக்கானல் போன்ற உறைபனி விழும் இடங்கள் தவிர, அந்தக் கவலை இல்லை. நமக்குக் கவலை கனமழையும் பாசியும். அதனால் நடக்கும் தளத்துக்கு மெருகில்லாத ஓட்டைத் தேர்ந்தெடுங்கள். ஈரத்தில் கால் வழுக்காது. மெருகிட்டதைப் படியின் நிமிர்ந்த முகத்துக்கும், நீரூற்றுத் தொட்டிக்கும், திண்ணைச் சுவருக்கும் வையுங்கள். சென்னைக் கடைகளில் ‘மொராக்கன் டைல்ஸ்’ என்று காட்டப்படுவதில் பெரும்பாலானவை எந்திரத்தில் கோலம் அச்சிட்ட ஓடுகள். அவை மோசமான பொருள் அல்ல. ஆனால் ஃபெஸ் மண்ணுக்கும் அவற்றுக்கும் உறவில்லை. ஓட்டைத் திருப்பி விளிம்பையும் அடியையும் பாருங்கள். கை சீவிய ஓரமும், உள்ளே வெளிறிய மண்ணும், ஒன்றுக்கொன்று சற்றே மாறும் அளவும் தெரிந்தால் அது கைவேலை. ஒரே நிறமும் ஒரே மட்டமும்தான் வேண்டும் என்றால் அதை வாங்காதீர்கள். உங்களுக்கும் மனக்குறை, கொத்தனாருக்கும் திட்டு. வாங்குவதானால் கணக்குக்கு மேல் 15 சதவீதம் சேர்த்து, ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். நாளைக்கு இரண்டு ஓடு உடைந்தால், அடுத்த சூளையில் அதே நிறம் வராது.